ஊரறியா உயிர்ச்சுவடுகள்: ஊவா மலைநாட்டை முன்வைத்து ஒரு முறையியல் நோக்கு

விலைக்கு வாங்கப்பட்ட உயிர்ச்சுவடு ஒன்று, அது எவ்விடத்தில், எப்படையில், எவர் கையால் எடுக்கப்பட்டது என்ற குறிப்பு எதுவுமின்றி நம்மிடம் வந்து சேருமாயின் அதனை இனங்காண்பது எவ்வாறு? இவ்வினா புவிச்சரிதவியலாளருக்கு உரியது. இலக்கிய ஆய்வாளனுக்கு இதில் என்ன அலுவல் என்று கேட்கப்படலாம். பாடியவர் பெயரும் ஊரும் காலமும் குறிக்கப்படாத நாட்டார் பாடல்களையும், எழுதியோன் பெயரற்ற ஏடுகளையும் வைத்துக்கொண்டு வரலாறு எழுத முற்படும் நமக்கு, இதே சிக்கலைப் பிறிதொரு துறையினர் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதை அறிவது பயனுடையது என்பதே இக்கட்டுரைக்கான நியாயம். பதுளையையும் அதனைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களையும் களமாகக் கொள்வதற்கு வேறொரு காரணம் உண்டு. அது கட்டுரைப் போக்கில் புலப்படும்.

தமிழகத்தில் புதைபடிவம் என்றும் தொல்லுயிர் எச்சம் என்றும் வழங்குவதனையே நமது பாடநூல்கள் உயிர்ச்சுவடு என்கின்றன. அதனை இனங்காணல் என்னும்போது இரு வேறு செயல்கள் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. இது என்ன உயிரின் எச்சம் என்பது ஒன்று. இது எங்கிருந்து வந்தது என்பது மற்றொன்று. முதலாவது பெரும்பாலும் பொருளைப் பார்த்தே கூறத்தக்கது. உடற்கூற்றியலறிந்த ஒருவர் பல்லொன்றைக் கொண்டே அது மானா, பன்றியா, காண்டாமிருகமா என உரைத்துவிடுவார். இரண்டாவது அவ்வளவு எளிதன்று. முதலாவதனைக் கண்டதும் இரண்டாவதும் கிடைத்துவிட்டதெனக் கருதுவதே சந்தைக்கு வேண்டியதாக இருக்கிறது. வணிகன் ஒட்டும் சீட்டில் பெயர் இருக்கும். ஊர் பெரும்பாலும் ஊகமாகவே இருக்கும்.

இத்துறையின் வரலாற்றிலேயே மிகச் சுவையான எடுத்துக்காட்டு சீன மருந்துக்கடைகளிலிருந்து கிடைக்கின்றது. 'நாகத்தின் எலும்பு' என்ற பெயரில் பழைய விலங்குகளின் பற்களும் எலும்புகளும் அங்கே பொடித்து மருந்தாக விற்கப்பட்டன. ஹாபெரர் என்னும் ஜெர்மானிய மருத்துவர் அவ்வாறு விலைக்கு வாங்கிச் சேர்த்தவற்றை மாக்ஸ் சுலோசர் என்பார் ஆராய்ந்து 1903இல் வெளியிட்டார். பல்வகைப் பாலூட்டிகளை அவரால் பெயரிட்டுக் கூற முடிந்தது. மனிதப் பல்லை ஒத்த ஒன்றும் அவற்றுள் இருந்தது. ஆயினும் அப்பல் எம்மலையிலிருந்து வந்ததென்று கூற இயலவில்லை. கடைக்காரரும் சொல்லார், அது தொழில் இரகசியம். பின்னர் ஆண்டர்சன் என்ற சுவீடன் நாட்டுப் புவிச்சரிதவியலாளர் எலும்பு எங்கே தோண்டப்படுகிறது என்று ஊர் மக்களிடமே விசாரித்துச் சென்றார். அவ்விசாரணையே 1921இல் அவரைச் சோகோதியென் குன்றுக்குக் கொண்டு சேர்த்தது. பீக்கிங் மனிதன் எனப்படும் தொல்மனிதனின் எச்சங்கள் பிற்பாடு அங்கேயே வெளிப்பட்டன. கடை மறைத்ததைக் கல்லுடைத்தவன் சொன்னான் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

1935இல் ஹொங்கொங் மருந்துக்கடை ஒன்றிலே வொன் கோனிக்ஸ்வால்ட் கண்டெடுத்த பெரிய கடைவாய்ப் பல்லின் கதையும் இதனை ஒத்ததே. அதுவரை எவரும் அறியாத பெருங்குரங்கு இனமொன்றுக்கு அப்பல்லை ஆதாரமாகக் கொண்டு 'ஜைகான்டோபிதெக்கஸ்' எனப் பெயரிட்டார். இடம் தெரியாத நிலையில் அவர் மேற்கொண்ட நியாயம் நுட்பமானது. அக்கடைகளிற் கிடைத்த பற்களின் வேர்கள் கறளப்பட்டிருந்தன. முள்ளம்பன்றி எலும்பைத் தன் வளைக்குக் கொண்டுசென்று கறளும் இயல்புடையது. எனவே இவை திறந்த வெளியிலன்றிக் குகைகளிலே படிந்தவை என்று கொண்டார். உடன்கிடைத்தவை ஒறாங்குட்டான், ஸ்டெகோடொன் யானை, பாண்டாக்கரடி ஆகியவற்றின் பற்கள். பற்குழிகளில் ஒட்டியிருந்தது மஞ்சள் நிற மண். இக்கூட்டு தென்சீனச் சுண்ணாம்புக்கற் குகைகளுக்கே உரியது. ஊகம் சரியென்பது இருபது ஆண்டுகளின் பின்னரே உறுதியாயிற்று. 1956இல் குவாங்சி மாகாணத்தின் லியூச்செங் பகுதியிலே வயலுக்கு உரமாகக் குகைமண் அகழ்ந்த உழவர் ஒருவர் அவ்விலங்கின் கீழ்த்தாடையை எடுத்தார். பெய் வென்சொங் தலைமையிலான குழுவினர் அக்குகையை முறைப்படி ஆராய்ந்தபோது ஆயிரத்துக்கு மேற்பட்ட பற்கள் கிடைத்தன.

இவ்விரு நிகழ்ச்சிகளிலிருந்தே முறையியலின் அடிப்படைகளை நாம் வகுத்துக்கொள்ளலாம். உயிர்ச்சுவட்டோடு ஒட்டிக்கொண்டு வரும் தாய்ப்பாறையே முதற் சாட்சி. வாங்கியவர் செய்யும் முதற் குற்றமும் அதனையே பற்றியது. பார்வைக்கு அழகாக இருக்கவேண்டுமென்று ஒட்டியிருக்கும் மண்ணையும் கல்லையும் சுரண்டிக் கழுவிவிடுகிறார். ஒரு சிறங்கை அளவு தாய்ப்பாறை எஞ்சியிருந்தாலும் அதனை மெல்லிய தகடாகத் தேய்த்து நுணுக்குக்காட்டியில் நோக்கலாம். மணிகளின் பருமனும், அவற்றைப் பிணைத்துள்ள சீமெந்துப் பொருளும் தெரியவரும். அமிலத்தில் கரைத்தால் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்ச்சுவடுகள் வெளிப்படும்: கடலடித் துளையுடலிகள், மகரந்த மணிகள், கொனோடொன்டு எனப்படும் நுண் பற்கள் முதலியன. பெரிய சங்கினம் நூறு இடங்களில் வாழ்ந்திருக்கக்கூடும். அதனுள் அடைபட்ட நுண்ணுயிர்க் கூட்டமோ குறித்த காலத்தையும் குறித்த கடலையும் சுட்டி நிற்கும்.

அடுத்தது, உயிர்ப்பொருள் எதுவாக மாறியுள்ளது என்பது. ஓடு சிலிக்காவாக மாறியிருக்கலாம். கல்சைற்றாக, இரும்புச் சல்பைட்டாக, பொசுபேற்றாக மாறியிருக்கலாம். இதனைத் தீர்மானிப்பது அவ்வுயிர் அன்று. அது புதையுண்ட நிலத்தின் நீர். எலும்பு மண்ணடியில் கிடக்கும் காலமெல்லாம் நிலத்தடி நீரிலிருந்து புளோரீனையும் யுரேனியத்தையும் அருமண் மூலகங்களையும் உறிஞ்சிக்கொள்கிறது. எனவே ஒரே குழியில் ஒரே காலத்தில் கிடந்த எலும்புகள் ஏறத்தாழ ஒத்த விகிதங்களைக் காட்டவேண்டும். இங்கிலாந்திலே 1912இல் அறிவிக்கப்பட்ட 'பில்ட்டவுன் மனிதன்' 1953இல் மோசடியென நிறுவப்பட்டது இவ்வழியாலேயே. கெனத் ஓக்லியின் புளோரீன் சோதனை மண்டையோடும் தாடையும் அம்மண்ணின் பழமைக்கு உரியவையல்ல என்பதைக் காட்டிற்று. அக்குழியிலே கிடந்ததாகச் சொல்லப்பட்ட யானைப் பற்றுண்டொன்றின் கதிர்த்தொழிற்பாடு இங்கிலாந்தின் எந்தப் படிவுக்கும் பொருந்தாத அளவில் உயர்ந்திருந்தது. துனீசியாவின் இச்க்கெல் என்னும் இடத்துப் பற்களோடே அது ஒத்துப்போயிற்று. பொய்யான ஊர் சூட்டப்பட்ட ஒரு பல் தனது மெய்யான ஊரைத் தன் வேதியியலால் ஒப்புவித்தது எனலாம்.

பொய்யான ஊர் சூட்டும் வேலை வணிகருக்கு மட்டும் உரியதன்று. சண்டிகாரிலுள்ள பஞ்சாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வி. ஜே. குப்தா பல ஆண்டுக்காலம் இமயமலையிலிருந்து எடுத்ததாகக் கூறி வெளியிட்ட உயிர்ச்சுவடுகளைப் பற்றி, அவுஸ்திரேலிய அறிஞர் ஜோன் டலென்ட் 1989இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். இமயத்துக்குரியனவாகக் காட்டப்பட்ட அம்மொனைட் வகைகள் மொரோக்கோவிலிருந்து உலகெங்கும் விற்பனைக்குச் செல்பவற்றைப் போன்றே இருந்தன. கொனோடொன்டுகள் நியூயோர்க் மாநிலத்தின் அம்ஸ்டெல் ஓடைப் படிவுகளுக்குரியவற்றோடு ஒன்றுபட்டன. இவ்விவகாரத்தின் சேதம் ஒரு மனிதனின் பெயரோடு நிற்கவில்லை. அவருடன் நம்பிக் கைகோத்த இணையாசிரியர்களின் கட்டுரைகளும், அவற்றை ஆதாரமாகக் கொண்டு பிறர் வரைந்த இமயப் படைவரிசை விளக்கங்களும் ஐயத்துக்குள்ளாயின. மூலத்தைப் பற்றிய ஒரு பொய் அறிவுத்துறை முழுவதையும் எவ்வாறு அரிக்கும் என்பதற்கு நமது பிராந்தியத்திலிருந்தே இதனைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

மூலத்தைக் கண்டறிதல் வெறும் ஏட்டுச் சுரைக்காயன்று என்பதற்கு 2012ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்று போதும். நியூயோர்க்கிலே ஏலமிடப்பட்ட டைனோசர் முழு எலும்புக்கூடொன்று பத்து இலட்சம் டொலருக்கு மேல் விலைபோயிற்று. அது பிரித்தானியாவிலிருந்து வந்ததாகச் சுங்கப் பத்திரம் கூறிற்று. மொங்கோலியத் தொல்லுயிரியலாளர் பொலோர்செட்செக் மின்ஜின் முதலியோர் அதனை மறுத்தனர். அவ்வினமாகிய டார்போசோரசின் இத்தகைய எலும்புக்கூடுகள் மொங்கோலியாவின் கோபிப் பாலைவனத்து நெமெக்ட் படிவுகளிலேயே கிடைக்கின்றன. எலும்பின் நிறமும் அம்மணலுக்கு உரியது. நீதிமன்றம் வரை சென்ற வழக்கின் முடிவில் 2013இல் அது மொங்கோலியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. தொல்லுயிரியற் பொருட்களையும் பண்பாட்டுச் சொத்தாக ஏற்றுக்கொள்ளும் 1970ஆம் ஆண்டின் யுனெஸ்கோ உடன்படிக்கை ஏற்கெனவே இருந்தது. ஆயினும் பத்திரத்தின் பொய்யைக் காட்டியது சட்டமன்று, எலும்பே.

இனி ஊவாவுக்கு வருவோம். பதுளைக் கடைத்தெருவில் ஒருவர் அம்மொனைட் சுருளொன்றைக் காட்டி, இது நமுனுகுலை மலையிலே கிடைத்தது என்று கூறுவாராயின் அதனை ஆய்வுகூடத்துக்கு அனுப்பவேண்டிய தேவையே இல்லை. இலங்கையின் நிலப்பரப்பில் பத்தில் ஒன்பது பங்கு தொல்பழங்காலப் பளிங்குருப் பாறைகளால் ஆனது. பதுளை, பண்டாரவளை, வெலிமடை, அப்புத்தளை ஆகியவை அமைந்துள்ள உயர்நிலத் தொகுதிப் பாறைகள் ஏறத்தாழ 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் புவியின் ஆழத்தில் 700 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் வெந்து உருமாறியவை. கிழக்கே வெல்லவாய, புத்தளைப் பக்கத்து விஜயன் தொகுதியும் உருமாறிய பாறையே. அவ்வுலையிலே ஓடும் எலும்பும் தப்பியிரா. வெலிமடைப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லைக் கண்டு யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லின் நினைவு வரலாம். யாழ்ப்பாணத்தது மயோசீன் காலக் கடற்படிவு, சிப்பியும் துளையுடலியும் நிறைந்தது. வெலிமடையினது உருமாறிப் பளிங்கானது, அதில் உயிர்ச்சுவடு தேடுவது வீண். புத்தளம் மாவட்டத்தின் தப்போவ, ஆண்டிகம ஆகிய இடங்களிலே யூராசிக் காலத் தாவரச் சுவடுகள் உள்ளன. தென்கிழக்குக் கரையின் மினிஹாகல்கந்தையிலும் வடமேற்கின் அருவாக்காலுவிலும் மயோசீன் படிவுகள் உள்ளன. ஊவாவின் தேயிலை மலைகளில் எதுவும் இல்லை. கல்லின் வெடிப்பில் மங்கனீசு கரும்பாசிபோலப் படர்ந்து செடியின் சுவடென மயக்குவதுண்டு. அது உயிரறியாத வெறும் கனியக் கிளைப்பு.

சாளக்கிராமத்தை அறிந்த வைணவக் குடும்பத்தார்க்கு இது புதிதாக இராது. நேபாளத்துக் காலி கண்டகி ஆற்றிலே உருண்டு வரும் கருங்கல் உருண்டையினுள் இருக்கும் சுருள், யூராசிக் காலத்து அம்மொனைட்டே. அது எந்தப் பூசையறையில் இருந்தாலும் அக்கரிய மாக்கல்லைக் கொண்டே அதன் ஆற்றைச் சொல்லிவிடலாம். நம்பிக்கை அதற்கொரு திருத்தலத்தை விதித்து ஊரைக் காப்பாற்றித் தந்தது. அரியலூர்ச் சுண்ணாம்புப் படிவிலிருந்து வரும் கிரிட்டேசியக் காலச் சங்கினங்களுக்கு அத்தகைய பாதுகாப்பு வாய்க்கவில்லை.

அவ்வாறாயின் ஊவாவில் உயிர்ச்சுவடே இல்லையா? இருக்கக்கூடிய இடங்கள் இரண்டு. ஒன்று குகைப் படிவு. எல்லவுக்கு அருகிலுள்ள இராவணா எல்லைக் குகையைப் போன்றவற்றில் மனிதரும் விலங்கும் விட்டுச்சென்ற எச்சங்கள் கிடைத்துள்ளன. மற்றையது ஆற்றுப் பரற்படிவு. இதற்கு அயல் மாகாணமாகிய சப்பிரகமுவையின் இரத்தினபுரிப் பகுதியே மாதிரி. அங்கே இரத்தினக்கல் தாங்கிய பரற்படையைச் சிங்கள மக்கள் 'இல்லம' என்பர். அப்படையை எட்டுவதற்காகக் குழியிறங்கி, நீரிறைத்து, சேற்றை மேலேற்றியவர்கள் கல்லோடு எலும்பையும் வெளிக்கொணர்ந்தனர். நீர்யானை, காண்டாமிருகம், சிங்கம், காட்டெருது என இன்று இத்தீவில் இல்லாத விலங்குகளின் எச்சங்கள் அவை. நூதனசாலையின் பணிப்பாளராக 1939 முதல் 1963 வரை விளங்கிய பி. ஈ. பி. தெரணியகல அவற்றைத் திரட்டி, பெயரிட்டு, 1958இல் 'இலங்கையின் பிளைத்தோசீன்' என்ற பொருளில் பெருநூலொன்றை வெளியிட்டார். இலங்கைச் சிங்கத்துக்கு அவர் 1939இல் இட்ட பெயர் குருவிட்டப் பகுதியிற் கிடைத்த பற்களையே ஆதாரமாகக் கொண்டது.

தெரணியகலவின் பணியின் பெறுமதியை எவரும் குறைத்து மதிப்பிட முடியாது. ஆயினும் அப்பெறுமதிக்குள்ளேயே ஒரு சிக்கல் உறைகிறது. ஆறு தான் முன்னர் இட்ட பரலைப் பின்னர் அரித்து, இளைய பரலோடு சேர்த்து மீண்டும் படியவிடும். ஆகவே ஒரே குழியில் அருகருகே கிடந்த இரு பற்கள் ஒரே காலத்தன என்பதற்கு உத்தரவாதமில்லை. எந்தக் குழி, எத்தனை அடி ஆழம், களிக்கு மேலா கீழா என்ற குறிப்பு அங்கேதான் இன்றியமையாததாகிறது. அக்குறிப்பைத் தரக்கூடியவர் குழியினுள் நின்றவர் ஒருவரே. இரத்தினக்கல் கிடைத்தால் நிலவுடைமையாளர், அனுமதிப்பத்திரகாரர், பணமிட்டவர், குழித்தொழிலாளர் என்போரிடையே பங்கு பிரியும். எலும்புக்குப் பங்கு இல்லை; பங்கில்லாதவற்றை நினைவில் வைத்திருக்க எவருக்கும் காரணமும் இல்லை. மூலக்குறிப்பு காணாமற்போவதை அறியாமையின் விளைவென்று கற்றோர் கூறுவது வழக்கம். அது உற்பத்தி உறவின் விளைவு என்பதே பொருத்தமானது.

ஊவாவின் தோட்டங்களில் இவ்வுறவு இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. இங்கே வெளிப்பட்டவை எலும்புகளைவிடக் கற்கருவிகளே அதிகம். மஸ்கெலியாப் பகுதித் தோட்டத்துரையாகிய ஜோன் போல் தேயிலை மலைகளிற் பொறுக்கிய கருவிகளைப் பற்றி 1913இல் நூலொன்று வெளியிட்டார். பவுல் சரசின், பிரிட்ஸ் சரசின் என்னும் சுவிஸ் நாட்டு அறிஞர்கள் 1907இல் ஊவாவின் நில்கலைக் குகையை ஆராய்ந்தனர். ஹாட்லி 1913இல் பண்டாரவளைக் கருவிகளைப் பற்றி எழுதினார். இந்நுண்கற்கருவிகளுள் மிகப் பெரும்பாலானவை குவாட்ஸ் என்னும் வெங்கச்சங்கல்லில் ஆனவை. வெங்கச்சங்கல் மலையெங்கும் இயல்பாகவே நொறுங்கிக் கிடப்பது. தீக்கல்லைப்போல அது தட்டிய இடத்தில் ஒழுங்கான புடைப்பையும் அலைவரிகளையும் காட்டாது, தாறுமாறாகப் பிளக்கும். போதாக்குறைக்கு முள்ளுக்குத்தும்போது முள்ளின் அடியும், கான் வெட்டும்போது மண்வெட்டியின் அடியும் புதிய பிளவுகளை உண்டாக்கும். கல்லின் விளிம்பைச் சிறு சிறு சில்லுகளாகத் திருத்தியிருப்பது ஒழுங்காகத் தொடர்கிறதா, பழைய பிளவின் முகமும் புதிய பிளவின் முகமும் ஒரே மாசடைவைக் காட்டுகின்றனவா, பிறை வடிவம் போன்ற திட்டமிட்ட உருவம் மீண்டும் மீண்டும் வருகிறதா என்றே இனங்காணவேண்டும். தனியொரு கல்லைக் கையில் வைத்துக்கொண்டு தீர்ப்புக் கூற முடியாது. ஓரிடத்தின் தொகுதி முழுவதும் வேண்டும். கடைக்கு வந்த தனிக்கல் எவ்வளவு அழகாக இருப்பினும் ஏறத்தாழ ஊமையே.

இம்மண்ணைத் திறந்தது யார்? கோப்பிக் காலத்திலேயே காடழித்து, 1869இல் மடுல்சீமையில் முதன்முதலாகக் காணப்பட்ட இலைத்துரு நோயால் கோப்பி அழிந்தபின் தேயிலைக்குக் குழி வெட்டி, சரிவெங்கும் கான் இழுத்து, 1894இல் பண்டாரவளைக்கும் 1924இல் பதுளைக்கும் வந்த இருப்புப்பாதைக்கு மலையைப் பிளந்தோருட் பெருந்தொகையினர் திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து கங்காணிமாரால் கொணரப்பட்டவர்கள். தோட்டமண்ணின் மேற்படை முழுவதையும் கையால் ஒருமுறை புரட்டிப் பார்த்த சமூகம் இத்தீவில் அவர்களைத் தவிர வேறில்லை. போல், ஹாட்லி ஆகியோரின் பெயர்கள் நூல்களின் முகப்பில் நிலைத்தன. கான் வெட்டியவனுக்கு அன்றைய நாட்பெயர் விழுந்தது; அதனோடு கணக்கு முடிந்தது. போல் முதலியோரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. ஓய்வு நேரத்தில் கல் பொறுக்கும் துரைக்கு ஆர்வம் உண்மையாகவே இருந்தது. ஓய்வு நேரம் என்ற ஒன்று எவருக்கு இருந்தது என்பதே வினா.

தேயிலைச் சுவை பார்ப்போரின் திறன் இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. 1883 முதல் நடைபெற்று வரும் கொழும்பு ஏலத்திலே, பெயர் மறைத்து வைத்த கோப்பையைப் பருகி, இது யூலைக்கும் செத்தெம்பருக்கும் இடையே, வறண்ட கச்சான் காற்று வீசும் பருவத்தில், ஊவாவிற் பறித்த கொழுந்து என்று கூறக்கூடியவர்கள் உளர். அது மாயமன்று, காற்றும் வறட்சியும் இலையின் வேதியியலில் விட்டுச்சென்ற தடத்தை நாவால் வாசிப்பது. யுரேனிய அளவைக் கொண்டு பல்லின் ஊரைச் சொல்லுதற்கு இது மிக நெருங்கிய செயல். ஆனால் எத்துணைத் தேர்ந்த நாவும் கொழுந்தெடுத்த பெண்ணின் பெயரைச் சுவைத்தறியாது. பண்டமாகிவிட்ட பொருளில் நிலம் ஓரளவுக்கு எஞ்சுகிறது, உழைப்பு அழிந்துபோகிறது. மார்க்ஸ் பண்ட மாயை என்று விளக்கிய நிலைமைக்கு உயிர்ச்சுவடும் விலக்கன்று.

ஊவாச் சரிவுகளைப் பற்றி மற்றொன்றும் சொல்லவேண்டும். இங்கு மண் நிலைத்து நிற்பதில்லை. மழைக்காலத்தில் மேற்சரிவின் மண் கீழிறங்கி மூடுகிறது, மேற்படை கீழ்ப்படையாகிறது. ஆதலால் ஒரு கருவி கிடந்த இடம் அது கைவிடப்பட்ட இடமென்று கொள்வதற்கில்லை. 2014 ஒக்தோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையிலே மலை சரிந்து லயங்களைத் தொழிலாளரோடு புதைத்தது. மண்சரிவைப் பற்றித் தொல்லியற் பொருளில் எழுதும்போதும் அதனைக் கூறாது செல்ல என்னால் இயலவில்லை. அதே சரிவு, அதே மண், அதே மக்கள்.

மறுபடிவு என்னும் இக்கருத்து நாட்டார் பாடல் ஆய்வுக்கு நேரடியாகப் பயன்படுவது. மலையகப் பாடல்களைத் தேடித் தொகுத்தவருள் சி. வி. வேலுப்பிள்ளையின் பணி முதன்மையானது. ஆயினும் பொதுவாக நமது தொகுப்புகள் பலவற்றிலே பாடலுக்கு மேல் தாலாட்டு, ஒப்பாரி, தெம்மாங்கு என்ற வகைப்பெயர் இருக்கும். பாடியவர், தோட்டம், ஆண்டு, எச்சூழலில் பாடப்பட்டது என்பவை இரா. ஊரற்ற பாடல்களை நாம் சொல்லைக் கொண்டு காலங்கணிக்கிறோம். 'துண்டு' என்ற சொல் வந்தால் துண்டு முறை ஒழிக்கப்பட்ட 1921க்கு முற்பட்டது என்கிறோம். பரற்படிவை அறிந்தவர் இதற்கு உடன்படார். பழைய எலும்பு புதிய பரலிற் கிடப்பதுபோலப் பழைய சொல் புதிய பாடலிற் கிடக்கக்கூடும். துண்டு ஒழிந்தாலும் கடன் ஒழியவில்லை, சொல்லும் ஒழியவில்லை. அச்சொல் பாடலுக்குத் தரக்கூடியது மேல் எல்லை ஒன்றே: அம்முறை வருமுன் இது பிறந்திராது. கீழ் எல்லைக்கு வேறு சான்று வேண்டும். இராமநாதபுரத்துப் பாடலொன்று பதுளையிலே ஓரடி மாறிப் பாடப்படுமாயின், மாறிய அவ்வோரடியே ஊவாவின் தாய்ப்பாறை. பதிப்பாசிரியர் இலக்கண வழுவென்று அதனைத் திருத்திவிடும்போது ஒட்டியிருந்த மண்ணைக் கழுவிவிட்ட வணிகனின் வேலையையே செய்கிறார்.

மூலத்தைக் காட்டும் ஆவணம் இல்லாமை என்பது இம்மக்களுக்கு உவமையன்று என்பதையும் குறிப்பிடவேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தந்தைவழி முன்னோர் இந்நாட்டிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. லயத்திற் பிறந்து லயத்தில் இறந்த தலைமுறைகளிடம் அக்கடதாசி இருக்கவில்லை. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டது. எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. சந்தையிலே ஊரறியாக் கல்லுக்கு வணிகன் ஒரு நாழிகையில் ஒரு நாட்டை எழுதிக் கொடுக்கிறான்.

விலைக்கு வந்த உயிர்ச்சுவடுகளை ஆராயவே கூடாது என்று வாதிப்போர் இன்று பலர். மியன்மாரின் காச்சின் மாநிலத்து அம்பரிற் சிக்கிய உயிர்களைப் பற்றி அவ்விவாதம் கூர்மையடைந்தது. அந்த அம்பரின் வருவாய் ஆயுதமோதலோடு பிணைந்திருப்பதைக் காட்டி, அமெரிக்காவைத் தளமாகக் கொண்ட முள்ளந்தண்டுளித் தொல்லுயிரியற் சங்கம் 2020இல் ஆய்விதழ்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. வாங்குவோர் இருக்கும்வரை தோண்டுவோர் இருப்பர் என்பது மெய். 1999இல் பெரும் ஆரவாரத்தோடு அறிமுகமாகிய 'ஆர்க்கியோரப்டர்', வெவ்வேறு விலங்குகளின் துண்டுகளை விலை கூடும்படி ஒட்டிய பொருளென்று பின்னர் தெரியவந்ததும் இதே சந்தையின் பயனே. எனினும் வெறும் புறக்கணிப்பு வாங்குவோனின் மனச்சாட்சியைத் தூய்மையாக்குமேயன்றிக் குழிக்குள் நிற்பவனின் நிலையை மாற்றாது. குழியிலேயே விலையும் பெயரும் கிடைக்கும் ஏற்பாடு வேண்டும்: கண்டெடுத்தவருக்கு அரசு நியாயமான வெகுமதி அளித்து, அவரது பெயரையும் அவர் சொல்லும் ஆழத்தையும் பதிவேட்டில் எழுதுவது. லியூச்செங் உழவரின் தாடையெலும்பு மருந்துக்கடைக்குப் போகாமல் ஆய்வாளரிடம் வந்தது ஆய்வாளர் அங்கே ஊர் ஊராகச் சென்று கேட்டுக்கொண்டிருந்த காலத்திலேதான்.

நமது மாணவருள் தோட்டங்களிலிருந்து வருவோர் தொகை இன்று கணிசமானது. இவ்வாய்ப்பு போலுக்கும் ஹாட்லிக்கும் இருக்கவில்லை. கான் வெட்டும் இடத்தில் திருத்திய கல்லோ எலும்போ தென்படின் அதனை எடுத்துக் கழுவுதல் கூடாது. தோட்டப் பெயர், பிரிவு, மலை இலக்கம், கானின் வாயிலிருந்து எத்தனை அடி தூரம், மேல்மண்ணிலிருந்து எவ்வளவு ஆழம், மண்ணின் நிறம், உடன்கிடந்தவை, கண்டவர் பெயர், நாள் ஆகியவற்றை அவ்விடத்திலேயே எழுதிக்கொண்டு தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிக்கவேண்டும். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி அனுமதியின்றி அகழ்வது குற்றமுமாகும். மலை இலக்கத்தைத் தோட்ட அலுவலகத்தில் கேட்டு நிற்கவேண்டியதில்லை. அங்கு வேலை செய்யும் எவரும் அதனைச் சொல்லுவர்.